ஃபைபர் படகு ஓட்டைக்கு பாலியஸ்டரா, எபாக்ஸியா?

மழைக்கு முன்னாடி எங்க சின்ன பாய்மரப் போட்டை மும்பை கொலாபா பக்கம் கரையேத்தி கவுத்துப் போட்டோம், அப்பதான் தெரிஞ்சுது, சென்டர்போர்டு (நடுவுல தண்ணிக்குள்ள இறக்குற பலகை) பக்கத்துல உள்ளங்கை அளவுக்கு அடி உடைஞ்சு நாரெல்லாம் வெளிய வந்திருக்கு, நீர் வத்தின நேரத்துல பாறையில இடிச்சது.

இதை அடைக்கிற ரெசினுக்கு, அதாவது ஃபைபரை ஒட்டி இறுகுற பிசினுக்கு, பாலியஸ்டரே போதும்ங்கிறார் கூட ஓட்டுற அண்ணா. போட்டே அதுலதான் செஞ்சது, விலை கம்மி, ஹார்டனர் ஒண்ணு ரெண்டு சதவீதம் கலந்தா சீக்கிரமே இறுகிடும், வெயிலுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம், மேல ஜெல்கோட்டும் (வெளிப்பக்கப் பளபளப்புப் பூச்சு) நல்லா பிடிக்கும். எல்லாம் சரிதான். ஆனா பழைய ஹல், அதாவது போட்டோட உடம்பு, எப்பவோ இறுகி முடிஞ்சாச்சு, புது பாலியஸ்டர் அதோட ஒண்ணா கலக்காது, தேய்ச்ச சொரசொரப்பைப் பிடிச்சுக்கிட்டுதான் நிக்கும். போன தடவை அப்படிப் போட்ட ஒட்டு அடுத்த சீசன்லயே ஓரம் தூக்கி தண்ணி கசிஞ்சுது, எனக்கு அது மறக்கல.

எபாக்ஸி பழைய ஃபைபர்ல ரொம்ப கெட்டியா ஒட்டும், இறுகும்போது சுருக்கமும் கம்மி. விலைதான் பல மடங்கு. டப்பாவுல போட்ட விகிதத்தை அப்படியே அளக்கணும், சீக்கிரம் காயட்டும்னு ஹார்டனரை கூட ஊத்தினா கெட்டே போயிடும். ரெசின்ல ஊறவெச்சு ஒட்டுற ஃபைபருக்கு, துண்டு நாரைப் பசையால சேர்த்த சாதாரண பொடிநார் மேட் வேண்டாம், அதுல இருக்கிற பசை பாலியஸ்டர்லதான் கரையும், நெய்த கிளாத் வாங்குங்க. மும்பை ஈரக்காத்துல மேல மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு படியலாம், தண்ணி விட்டு நல்லா தேய்ச்சுக் கழுவிட்டுதான் அடுத்த லேயர். எபாக்ஸிக்கு வெயில் ஆகாது, கண்டிப்பா பெயின்ட் அடிக்கணும்.

எதை எடுத்தாலும் தேய்க்கிற வேலை ஒண்ணுதான், அதுல சோம்பேறித்தனம் பண்ணாதீங்க: முதல்ல ஹல் மேல இருக்கிற பழைய மெழுகை அசிட்டோன்ல துடைங்க, துடைக்காம தேய்ச்சா மெழுகு உள்ளயே இறங்கிடும், அப்புறம் ஒண்ணுக்குப் பன்னிரண்டு சரிவு, அதாவது 3 மில்லிமீட்டர் கனத்துக்கு சுத்தி 36 மில்லிமீட்டர். மாஸ்க் இல்லாம கிரைண்டரைத் தொடாதீங்க.

அதனால அடி உடைசலுக்கு எபாக்ஸி, டெக்ல இருக்கிற கீறலுக்கு மட்டும் ஜெல்கோட்டுனு அண்ணாகிட்ட சொல்லிட்டேன். இப்போ ஈரம் காஞ்சுதான்னு பாக்க உடைஞ்ச இடத்துல பிளாஸ்டிக் ஷீட்டை டேப் போட்டு ஒட்டி வெச்சிருக்கோம், உள்பக்கம் முத்து முத்தா தண்ணி கோக்குது, அது நிக்கிற வரைக்கும் ரெசின் டப்பாவைத் திறக்கிறதா இல்ல.