டோலேடோவா, செகோவியாவா? மாட்ரிட்டிலிருந்து ஒரு நாள் பயணம்

மாட்ரிட்டில் நான்கைந்து நாள் தங்குகிறவர்கள் மூன்றாம் நாள் வாக்கில் ஒரே கேள்விக்கு வந்துவிடுவார்கள். பிராடோ அருங்காட்சியகம் பார்த்தாயிற்று, அரண்மனை பார்த்தாயிற்று, ரெத்தீரோ பூங்காவில் படகும் விட்டாயிற்று. ஒரு நாள் வெளியே போவதென்றால் எங்கே? யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் டோலேடோ என்றுதான் பதில் வரும். தப்பான பதில் இல்லை. ஆனால் எந்த மாதம், கையில் எவ்வளவு நேரம், கூட யார் வருகிறார்கள் என்று விசாரிக்காமல் சொல்லப்படும் பதில்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலையில் போய் மாலையில் திரும்புவதென்றால் செகோவியா. டோலேடோ அதைவிடப் பெரிய விஷயம், மறுக்கவில்லை; அதனாலேயே ஒரு பகலுக்குள் அடங்காது.

தூரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. டோலேடோ தெற்கே சுமார் 70 கி.மீ.; அதோச்சா நிலையத்திலிருந்து அதிவேக ரயில் அரை மணி நேரத்தை ஒட்டிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். செகோவியா வடமேற்கே சுமார் 90 கி.மீ.; சமார்ட்டின் நிலையத்திலிருந்து அதற்கும் அதே அரை மணிதான். நடுவில் குவாதராமா மலைத்தொடர் இருக்கிறது. அதைக் குடைந்து 28 கி.மீ. நீளச் சுரங்கத்தில் 2007 முதல் ரயில் ஓடுவதால்தான் இந்த வேகம். ஆனால் செகோவியாவின் அதிவேக ரயில் நிலையம் ஊருக்கு வெளியே, பொட்டல்வெளியில் இருக்கிறது. அங்கிருந்து ஊருக்குள் போக 11-ம் எண் நகரப் பேருந்து வரும். அதை விட்டுவிட்டால் ரயிலில் மிச்சம் பிடித்த நேரமெல்லாம் நிறுத்தத்திலேயே கரைந்துவிடும். மாட்ரிட்டின் மொங்க்ளோவா நிலையத்திலிருந்து நேராகப் பேருந்து ஏறுவதே எனக்குப் பிடித்த வழி: ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டி ஆகும், கட்டணமும் குறைவு, இறங்கினால் பழைய ஊர் நடக்கும் தூரம். டோலேடோவுக்கு மட்டும் ரயிலே சரி. ஆனால் சனி, ஞாயிறுகளில் டிக்கெட் தீர்ந்துவிடும். போவதற்கு வாங்கும்போதே திரும்புவதற்கும் வாங்கிவிடுங்கள்.

செகோவியாவின் பெரிய வசதி அதன் அமைப்பு. ஒரு கோடியில் ரோமானியர் கட்டிய தொட்டிப்பாலம், மறுகோடியில் அல்காசர் கோட்டை, நடுவில் பேராலயம். எல்லாம் ஒன்றரை கி.மீ.க்குள், ஏறக்குறைய ஒரே தெருவில். வழி தவற வாய்ப்பே இல்லை.

தொட்டிப்பாலத்தைத் தூரத்திலிருந்து படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அசோகேஹோ சதுக்கத்தில் அதன் உயரம் 28 மீட்டர். சுமார் 20,000 கருங்கற்களை, நடுவே சுண்ணாம்போ காரையோ எதுவும் பூசாமல், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். கிட்டே போனால் ஒவ்வொரு கல்லின் முகத்திலும் சின்னக் குழிகள் தெரியும்; பாரம் தூக்கும் இடுக்கி கவ்விய தடங்கள் அவை. 15 கி.மீ.க்கு அப்பால் மலையிலிருந்து வரும் ஓடைத் தண்ணீர் இதன் உச்சியில்தான் ஓடி ஊருக்குள் வந்தது. தினமும் தண்ணீர் சுமந்து அலுத்துப்போன ஒரு பெண் சாத்தானுடன் ஒப்பந்தம் போட்டாள், பொழுது விடிவதற்குள் கட்டி முடிக்க வேண்டும், கடைசிக் கல் வைப்பதற்குள் விடிந்துவிட்டது என்பது ஊர்க்கதை. அந்தச் சாத்தான் செல்ஃபி எடுப்பதுபோல 2019-ல் ஒரு சிலை வைத்தார்கள். பக்திமான்கள் சிலர் நீதிமன்றம் வரை போனார்கள். சிலை இப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

அல்காசர் இரண்டு ஆறுகள் கூடும் பாறை முனையில், கப்பலின் முகப்பு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது. 1474-ல் இசபெல் காஸ்டிலின் அரசியாகப் பதவியேற்க இங்கிருந்துதான் புறப்பட்டார். 1862-ல் பெரிய தீ விபத்து. உள்ளே தங்கம் பூசிய கூரைகளில் நிறைய அதற்குப் பிறகு மறுபடி செய்தவை. அதனால் நேரம் குறைவென்றால் அறைகளை வேகமாகக் கடந்து கோபுரத்தில் ஏறுங்கள். படிகள் குறுகல், முழங்கால் வலிக்காரர்களுக்கு வேண்டாம். மேலே போனால் பேராலயமும் பின்னால் மலைத்தொடரும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

இப்போது டோலேடோ. தாஹோ ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொள்ள, நடுவில் குன்றின்மேல் ஊர். 1561-ல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் அரசவையை மாட்ரிட்டுக்கு மாற்றியதும் இதன் அரசியல் மவுசு போயிற்று; பழைய தெருக்கள் கலையாமல் தங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். 999-ம் ஆண்டு கட்டிய சிறு மசூதி ஒன்று இன்னும் இருக்கிறது. 1085-ல் ஊர் கிறிஸ்தவ அரசனான ஆறாம் அல்ஃபோன்ஸோவின் கைக்கு வந்தது. யூதர்களின் தொழுகைக்கூடமான சாந்தா மரியா லா பிளாங்காவுக்குள் நுழைந்தால் வெள்ளை வெளேரென்று குதிரைலாட வளைவுகள் வரிசை கட்டி நிற்கும், மசூதிக்குள் வந்துவிட்டோமோ என்று தோன்றும். பெயரோ கன்னி மரியாளின் பெயர், ஏனென்றால் பிறகு அது தேவாலயமாக்கப்பட்டது. 1492-ல் யூதர்களை நாட்டைவிட்டே வெளியேற்றினார்கள். மூன்று சமயங்கள் இணக்கமாக வாழ்ந்த நகரம் என்று விளம்பரங்களில் எழுதுகிறார்கள். அந்தக் கட்டடத்துக்குள் நின்று யோசித்தால் அது பாதிக் கதைதான் என்று தெரிந்துவிடும்.

அடுத்து ஓவியர் எல் கிரேக்கோ. கிரீட் தீவில் பிறந்து, 1577-ல் இங்கே வந்து, 1614-ல் சாகும்வரை இருந்தவர். சாந்தோ தோமே தேவாலயத்தில் அவர் வரைந்த ஓர்காஸ் பிரபுவின் அடக்கம் ஓவியத்துக்காக மட்டுமே டோலேடோ போகலாம். ஏறத்தாழ ஐந்து மீட்டர் உயரம். மேலே சொர்க்கம், கீழே கறுப்பு உடையில் ஊர்ப் பெரியவர்கள், நடுவே இரண்டு புனிதர்கள் இறங்கி வந்து உடலைத் தாங்குகிறார்கள். இடது கீழ் மூலையில் நம்மைப் பார்த்துக் கை நீட்டும் பையன் ஓவியரின் மகன். அவன் சட்டைப்பையிலிருந்து எட்டிப்பார்க்கும் கைக்குட்டையில் 1578 என்று அவன் பிறந்த ஆண்டு. மதியம் குழுக்கள் வந்து மொய்ப்பதற்கு முன் போனால்தான் அந்தக் கைக்குட்டை வரை பார்க்க முடியும்.

1226-ல் தொடங்கிய பேராலயத்துக்கு மட்டும் இரண்டு மணி நேரம் வேண்டும். பீடத்துக்குப் பின்னால் கூரையையே வெட்டித் திறந்து வெளிச்சத்தைச் சிற்பங்கள்மேல் இறக்கியிருக்கிறார்கள். அதற்கு வெயில் நாள் தேவை. இத்தனைக்கும் நடுவே சந்துகள் வளைந்து வளைந்து போகும், அலைபேசி வரைபடமும் திணறும். வழியெல்லாம் வாள் கடைகள் வேறு. மாலை ஐந்தரைக்குக் கடிகாரத்தைப் பார்த்து ரயிலுக்கு ஓடுகிறவர்கள் இந்த ஊரின் நல்ல நேரத்தைத் தவறவிடுகிறார்கள். சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பியபிறகு தெருக்கள் காலியாகிவிடும். ஓர் இரவு தங்க முடிந்தால் செகோவியாவை மறந்துவிட்டு இங்கே வாருங்கள்.

மாதத்தையும் கணக்கில் வையுங்கள். ஜூலை, ஆகஸ்டில் டோலேடோவில் 40 டிகிரி சகஜம்; ஏற்றமும் கல்தரையும் சேர்ந்து வாட்டி எடுக்கும். ஆற்றங்கரைப் பக்கத்திலிருந்து மேலே ஏற நகரும் படிக்கட்டுகள் வைத்திருக்கிறார்கள், கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். செகோவியா 1,000 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கோடையில் மூச்சு விடலாம். ஜனவரியில் நிலைமை தலைகீழ், குளிர் எலும்புக்குள் இறங்கும்.

சாப்பாட்டில் இரண்டும் சைவர்களைச் சோதிக்கும். செகோவியாவின் பெருமை முழுசாகச் சுட்ட பால்குடிப் பன்றிக்குட்டி. எவ்வளவு மெத்தென்று வெந்திருக்கிறது என்று காட்டத் தட்டின் விளிம்பாலேயே வெட்டுவார்கள். பெரிய பீன்ஸ் குழம்பு சைவம்போலத் தெரியும், அதிலும் பன்றி இறைச்சி இருக்கும்; கேட்டுவிட்டு வாங்குங்கள். முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு உருளைக்கிழங்கு ஆம்லெட் எங்கேயும் துணை. டோலேடோவில் பாதாமும் சர்க்கரையும் சேர்த்த மார்சிபான் இனிப்பைத் தவறவிடக் கூடாது.

இந்த இரண்டின் சண்டையில், மாட்ரிட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் எல் எஸ்கோரியலை மறந்துவிடுகிறார்கள். 1563 முதல் 1584 வரை இரண்டாம் பிலிப் கட்டிய அரண்மனையும் மடாலயமும் சேர்ந்த ஒரே பிரம்மாண்டக் கட்டடம். உலகின் பாதியை ஆண்ட அந்த மன்னரின் படுக்கையறை வியப்பூட்டும் அளவுக்குச் சின்னது. படுத்தபடியே பலிபீடத்தைப் பார்க்க வசதியாகத் திறப்பு வைத்திருக்கிறார்கள். 1598-ல் அங்கேதான் இறந்தார். நூலகத்தில் புத்தகங்களின் முதுகு உள்பக்கம் திரும்பியிருக்க, தங்கம் பூசிய தாள் ஓரங்கள் வெளியே பளபளக்கும். வரலாற்றுப் பித்தர்களுக்கு இது முதலிடம். குழந்தைகளோடு போனால் அரை மணியில் சிணுங்கல் ஆரம்பித்துவிடும். திங்கட்கிழமை மூடியிருக்கும்.

மாட்ரிட்டைச் சுற்றி வேறு ஊர்களும் உண்டு. ஆவிலாவுக்கு மதில்சுவர் ஒன்றே போதும், ஆனால் அது மட்டும்தான். அரன்ஹுவேஸ் வசந்தத்தில் தோட்டம் பார்க்க. 'டான் குயிக்ஸோட்' எழுதிய செர்வாந்தேஸ் பிறந்த அல்கலா, காலையில் தாமதமாக எழுந்தவர்களுக்கு. புறநகர் ரயிலில் போய் வந்துவிடலாம்.

டோலேடோவையும் செகோவியாவையும் ஒரே நாளில் காட்டும் பேருந்துச் சுற்றுலாக்கள் ஏராளம். ஒன்று தெற்கே, மற்றது மலைக்கு அந்தப்பக்கம். பாதி நாள் நெடுஞ்சாலையில் போகும், சாந்தோ தோமேயில் கிடைப்பது பத்து நிமிடம். இரண்டையும் பார்த்தே ஆகவேண்டுமென்றால் இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஒரு நாள்தான் இருக்கிறதென்றால் மொங்க்ளோவாவில் காலை எட்டு மணிப் பேருந்துக்கு நில்லுங்கள்.