உராயாமல் ஓடும் இயந்திரம்: டிடிசி-13 ஸ்டெர்லிங் மின்னாக்கி, ஒரு மதிப்பீடு

விண்கலத்துக்கான மின்னாக்கியை மதிப்பிடும்போது, அது எத்தனை வாட் தருகிறது என்பதற்கு முன்னால், கைபடாமல் எத்தனை ஆண்டு ஓடும் என்றே கேட்க வேண்டும். சனிக்கோளுக்கு அப்பால் போய்விட்ட கருவியைத் திறந்து எண்ணெய் விட யாராலும் முடியாது. அந்தக் கேள்விக்கு மிக வலுவான விடையை, ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் உள்ள நாசாவின் கிளென் ஆய்வு மையத்தில் 2003இல் ஓடத் தொடங்கிய டிடிசி-13 என்ற ஸ்டெர்லிங் மின்னாக்கி தந்திருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

ராபர்ட் ஸ்டெர்லிங் 1816இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தின் வழிவந்ததாயினும், இதில் பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டும் இல்லை, மசகெண்ணெயும் இல்லை. மூடிய கலத்துக்குள் ஹீலியம் ஒரு முனையில் சூடேறி மறுமுனையில் குளிர்வதால் அழுத்தம் ஏறி இறங்க, பிஸ்டன் முன்னும் பின்னும் அசைந்து, அசைவை மின்சாரமாக்கும் ஆல்டர்னேட்டரை இயக்குகிறது. என்னைப் பெரிதும் கவர்ந்தவை அதன் வில்தகடுகள்: அவை பிஸ்டனை நடுவில் தாங்கிப் பிடிப்பதால் அது உருளையின் சுவரைத் தொடுவதே இல்லை. தொடாத இடத்தில் தேய்மானம் ஏது?

2018இல் இது 1,10,000 மணி நேரத்தைக் கடந்தது. 2020இல், பராமரிப்பே இல்லாமல் 14 ஆண்டு ஓட்டத்தை எட்டிவிட்டதாக நாசா அறிவித்தது. 2003இலிருந்து கணக்கிட்டால் இடையில் நின்ற காலமும் உண்டு என்பது புலப்படும். ஆகவே இதை ஓடிய நேரத்தின் கூட்டுத்தொகையாகவே கொள்ள வேண்டும். அதனால் இதன் பெருமை குறையவில்லை; நின்று குளிர்ந்து மீண்டும் சூடேறுவதும் உலோகத்துக்கு ஒரு சோதனைதான்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். விண்கலங்களில் வெப்பம் தரும் கதிரியக்க எரிபொருளான புளூட்டோனியம்-238க்குப் பதிலாக மின்சூடேற்றியே இதற்கு வெப்பம் அளித்தது. ஒரே இயந்திரத்தின் நீண்ட ஆயுள், அதே வகையில் செய்யப்படும் அடுத்த இயந்திரத்துக்கு உத்தரவாதம் ஆகாது. அசையும் பாகமே இல்லாத வெப்ப மின்னாக்கிகளோ 1977 முதல் வாயேஜர் கலங்களுக்கு மின்சாரம் அளித்துவருகின்றன. ஆனால் அவை வெப்பத்தில் ஏறத்தாழ 6 விழுக்காட்டையே மின்சாரமாக்குகின்றன. ஸ்டெர்லிங் முறைக்கு அந்த எரிபொருளில் நான்கில் ஒரு பங்கு போதும். தயாரிக்க அரிதான எரிபொருளில் இவ்வளவு மிச்சமாகும் என்றால், அசையும் பாகத்தால் வரும் ஐயத்தைப் பொறுமையாகச் சோதித்துத் தீர்ப்பதே முறை.

இத்தகைய மின்னாக்கியை விண்ணுக்கு அனுப்பும் திட்டம் 2013இல் கைவிடப்பட்டபோது எனக்கு வருத்தமே மிஞ்சியது. ஆயினும் கிளீவ்லாந்தில் இந்த இயந்திரம் ஓடிக்கொண்டேயிருந்தது. 2025 ஜனவரியில் லெஸ்டர் பல்கலைக்கழகத்துடன் இணைந்து, அமெரிசியம்-241 என்ற மற்றொரு கதிரியக்க எரிபொருளை முன்னிட்டு அங்கே நடந்த சோதனையில், ஸ்டெர்லிங் இயந்திரங்களுள் ஒன்று செயலிழந்தாலும் மின்சாரம் குறையாத அமைப்பு நிரூபிக்கப்பட்டுள்ளது.