நாலு வளையம் ஒட்டிய மில்லிங் மிஷினைக் கண்டால் உஷார்

பழைய வாண்டரர் மில்லிங் மிஷின் (சுழலும் கட்டரால் இரும்பைச் செதுக்கும் மிஷின்) என்று சொல்லி ஒன்றை என் தலையில் கட்டிவிட்டார்கள். இன்னொருவர் மாட்டக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

"ஆடி கார் கம்பெனிக்காரன் செஞ்ச மிஷின் சார், நாலு வளையத்தைப் பாருங்க" என்றார் விற்றவர். மிஷினின் முகப்பில் பளபளவென்று ஒரு தகடு. கார் மேல் இருக்கும் ஆசையில் அங்கேயே மனம் விழுந்துவிட்டது.

ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரத்து வாண்டரர், சைக்கிள், டைப்ரைட்டர், மில்லிங் மிஷின், கார் எல்லாம் செய்த கம்பெனி. 1932-ல் ஆடி, டி.கே.டபிள்யூ., ஹார்ஷ் மூன்றோடும் சேர்ந்து ஆட்டோ யூனியன் ஆனது அதன் கார் பிரிவு மட்டும்தான். நாலு வளையம் அந்தக் கூட்டின் சின்னம். மில்லிங் மிஷின் வேலை வாண்டரர் கையிலேயே இருந்தது. அப்படியிருக்க, அந்த மிஷினில் நாலு வளையம் எப்படி வரும்? பணம் கொடுத்து ஒரு வாரம் கழித்துத்தான் இது எனக்குத் தெரிந்தது. தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். அடியில் பட்டி வைத்து அடைத்த பழைய ரிவெட் ஓட்டைகள், தகட்டின் ஓட்டைகளோடு கொஞ்சமும் பொருந்தவில்லை. இது வாண்டரர்தானா என்பதே இப்போது சந்தேகம்.

வாங்கும்போது ஓட்டிக் காட்டினார், சத்தமே இல்லை. வீட்டில் கியர் பெட்டியின் ஆயில் வடிக்கும் டிரெய்ன் பிளக்கைத் திறந்தால் ஆயிலுக்குப் பதில் கெட்டி கிரீஸ் பிதுங்கி வந்தது. அதைக் கழுவி ஆயில் ஊற்றியதும் கியர் அலறியது. சத்தத்தை அமுக்கத்தான் அந்தக் கிரீஸ். வெட்டும் துண்டைப் பிடித்துக்கொள்ளும் வைஸை மிஷின் டேபிளில் மாட்டி போல்ட்டை முறுக்கினேன். போல்ட் தலை நுழையும் டி-ஸ்லாட் பள்ளத்தின் ஓரம் பெயின்ட்டோடு பெயர்ந்து கையில் வந்தது. உள்ளே இரும்பு இல்லை, சாம்பல் நிறப் பட்டி.

சரி, டேபிளாவது ஒழுங்காக இருக்குமா என்று பார்த்தால், நடுவில் ஆட்டம். கிப்பை (டேபிளின் ஆட்டத்தைக் குறைக்க இறுக்கும் இரும்புப் பட்டை) இறுக்கினால் இரண்டு ஓரத்திலும் டேபிள் பிடித்துக்கொள்கிறது. நடுப்பகுதி தேய்ந்து போன மிஷின் இப்படித்தான் செய்யும். கைப்பிடியைத் திருப்பிச் சுற்றினால் டேபிள் நகராமல் கால் சுற்று வெறுமனே போகிறது.

பழைய மிஷின் பார்க்கப் போகிறவர்கள் கையில் ஒரு டயல் இண்டிகேட்டரும் (சின்ன ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் அளவுக் கருவி) காந்தமும் எடுத்துப் போங்கள். பட்டி வைத்த இடத்தில் காந்தம் சரியாக ஒட்டாது. டேபிளை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கையால் ஓட்டிப் பாருங்கள். வெறுமனே ஓட்டிக் காட்டுவதை நம்பாதீர்கள், ஒரு இரும்புத் துண்டை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். நான் கேட்டபோது "கட்டர் இல்லை" என்றார். அப்போதே திரும்பியிருக்க வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "பழசுன்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்றார். அதற்கப்புறம் போனை எடுப்பதில்லை. ஆனால் போன வாரம் வேறொரு மிஷின் படம் போட்டிருக்கிறார். அதே பச்சை பெயின்ட், அதே நாலு வளையம்.