எபேனில் வேலை, ரோஸ் ஹில்லில் வீடு: மூன்று வருடம் குடியிருந்த அனுபவம்

மொரீசியஸில் ஐடி வேலையோ பிபிஓ வேலையோ கிடைத்து வருகிற நம் ஊர்ப் பிள்ளைகள் முதலில் கேட்பது எங்கே வீடு பார்ப்பது என்பதைத்தான். ஆபீஸ் பெரும்பாலும் எபேன் சைபர் சிட்டியில் இருக்கும், அதனால் அங்கேயே ஒரு அபார்ட்மென்ட் எடுத்துவிடலாம் என்று தோன்றும். இல்லையென்றால் கடற்கரை ஓரமாகப் பார் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். இரண்டும் வேண்டாம், ரோஸ் ஹில்லில் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

எபேனைக் குறை சொல்லவில்லை. 2000களின் தொடக்கத்தில் இந்தியாவின் கடனுதவியோடு எழுப்பிய இடம் அது, கண்ணாடிக் கட்டடங்களும் வங்கிகளும் கால் சென்டர்களுமாக நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் வந்த புதிதில் இரண்டு மாதம் அங்கே தங்கியிருந்தேன், சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் தெரு வெறிச்சோடிவிடும், அவசரத்துக்கு ஒரு கட்டு கொத்தமல்லி வாங்க வேண்டும் என்றாலும் டாக்சி தேட வேண்டியிருந்தது. வெளிநாட்டில் தனியாக இருக்கிறவனுக்கு அந்த அமைதி நல்லதில்லை.

ரோஸ் ஹில்லை உள்ளூர்க்காரர்கள் கிரியோலில், அதாவது பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்த நாட்டுப் பேச்சுமொழியில், ரோஜில் என்பார்கள். எபேனுக்கு ஒட்டினாற்போல இருக்கிற பழைய ஊர். மெட்ரோ வந்த பிறகு இங்கிருந்து வேலைக்குப் போவது ஒரு விஷயமே இல்லை. போர்ட் லூயிஸிலிருந்து ரோஸ் ஹில் வரை 2019 இறுதியில் ஓடத் தொடங்கியது, அப்புறம் கியூர்பிப் வரை நீண்டது, எபேன் வழியாக ரெதுயி போகிற கிளைப் பாதை 2023 ஜனவரியில் திறந்தது. கட்டியது நம்ம எல் அண்ட் டி. எங்கள் வீட்டுக்கார அம்மாவுக்கு இதில் இன்னொரு சந்தோஷம் உண்டு. 1950களில் பயணிகள் ரயில் நின்றுபோன பிறகு பல வருடம் சும்மா கிடந்த பழைய தண்டவாளப் பாதையில்தான் மெட்ரோ பெரும்பகுதி ஓடுகிறது, சின்ன வயதில் அந்த ரயிலைப் பார்த்தவர் அவர். காலையில் மட்டும் ரெதுயி பல்கலைக்கழகத்துக்குப் போகிற மாணவர்களால் வண்டி நிரம்பி வழியும். பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பினால் நிம்மதியாக நிற்கலாம். மழை இல்லாத நாளில் நான் நடந்தே போய்விடுவேன், அரை மணி நேரம்கூட ஆகாது.

சரி, ஊருக்கு வருவோம். எங்கள் தெருவில் பதினொரு வீடு. கேட்டில் உள்ள பெயர்களைப் படித்துக்கொண்டு போனாலே எல்லாம் தெரிந்துவிடும். முத்துசாமி, சின்னப்பன் போன்ற பெயர்களை பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் எழுதியிருப்பார்கள், பக்கத்திலேயே ஒரு முஸ்லிம் குடும்பம், எதிரே ஆப்பிரிக்க வம்சாவளியினரான கிரியோல் கிறிஸ்தவக் குடும்பங்கள் இரண்டு, முனையில் சீனர் ஒருவரின் மளிகைக் கடை. அந்தக் கடையில் கணக்கு நோட்டு உண்டு, தெரிந்தவர்களுக்கு மாதக் கடைசியில் கொடுத்தால் போதும். வந்த இரண்டாம் வாரமே அதில் என் பெயரையும் எழுதிக்கொண்டார். அந்தக் கடையில்தான் முதன்முதலாக மொரீசியஸின் நூறு ரூபாய் நோட்டைக் கையில் வாங்கி உற்றுப் பார்த்தேன். தமிழ் எழுத்து, தமிழ் எண், முன்பக்கத்தில் ரெங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழரின் முகம். 1998இல் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கி அச்சடித்தபோது இங்குள்ள தமிழர்கள் எதிர்த்து நின்று, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தார்கள் என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அன்றாடம் தமிழ் பேசுகிற வீடுகள் இங்கே குறைவு. ஆனாலும் அந்த எழுத்துக்காக நின்றிருக்கிறார்கள். எனக்கு இந்த ஊர் மேல் மரியாதை வந்ததே அதனால்தான்.

மார்க்கெட்டுக்குப் போனால் தமிழ் வேறு மாதிரி காதில் விழும். பீர்க்கங்காய்க்கு இங்கே பிபங்காய், முருங்கைக்கீரைக்கு ப்ரெத் முரும், கறிவேப்பிலைக்கு கரிபுலே. காய்கறி விற்கிற சீன அம்மாவும் அப்படித்தான் சொல்வார், வாங்குகிற முஸ்லிம் பெரியவரும் அப்படித்தான் கேட்பார்.

சாப்பாட்டுக்கு தால் பூரி ஒன்றே போதும். பெயர் பூரி என்றாலும் எண்ணெயில் பொரிப்பதில்லை. மஞ்சள் பட்டாணிப் பருப்பை வேகவைத்துத் தூளாக்கி, மாவுக்குள் அடைத்து, மெல்லியதாகத் தேய்த்துக் கல்லில் சுடுவார்கள், நம் பருப்புப் போளியில் வெல்லத்தை எடுத்துவிட்டு உப்புப் போட்டது போல இருக்கும். தள்ளுவண்டிக்காரர் இரண்டு பூரியை ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளங்கையில் விரித்து, மொச்சைக் குழம்பு ஒரு கரண்டி, ருகாய் என்கிற தக்காளித் தொக்கு கொஞ்சம், மிளகாய் விழுது எவ்வளவு என்று கண்ணாலேயே கேட்டுத் தடவி, காகிதத்தில் சுருட்டிக் கொடுப்பதற்கு ஐந்து விநாடி ஆகாது. நின்றுகொண்டேதான் சாப்பிட வேண்டும், குழம்பு முழங்கை வரை ஒழுகும். காலையில் ரொட்டிக்குள் வைத்துத் தருகிற காத்தோ பிமா நம் பருப்பு வடைதான்.

இனி குறைகள். முதலில் ஈரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தூறல் விட்டுவிட்டுப் பெய்யும், பீரோவில் வைத்த தோல் செருப்பு பூசணம் பிடித்துவிடும். வீடு காட்டிய தரகர் ஒருவர் புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரைத்தான் பெருமையாகக் காட்டினார், குடிபோன பிறகு அலமாரியை நகர்த்திப் பார்த்தால் பின்னால் முழுக்கக் கறுப்பு. தரகருக்குக் கொடுத்த ஒரு மாத வாடகை கமிஷனும் போயிற்று, ஆறாவது வாரம் காலி செய்தேன். அதனால் வீடு பார்க்கும்போது வெட்கப்படாமல் அலமாரியை நகர்த்தச் சொல்லுங்கள், மாடியில் தண்ணீர் டாங்க் இருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள். மழை தள்ளிப்போகிற மாதங்களில் குழாயில் தண்ணீர் நேரம் வைத்துத்தான் வரும், டாங்க் இல்லாத வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். இன்னொன்று, வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் பல கடைகள் மூடிவிடும், மற்ற நாட்களிலும் சாயங்காலமே ஷட்டர் இறங்கிவிடும். நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள் சனிக்கிழமையே வேண்டியதை வாங்கி வைப்பது நல்லது.

வாடகையைப் பொறுத்தவரை நான் இரண்டு பெட்ரூம் மாடிப் போர்ஷனுக்கு 18,000 மொரீசியஸ் ரூபாய் கொடுக்கிறேன். எபேனில் இதைவிடச் சின்ன வீட்டுக்கு அதிகம் கேட்டார்கள். மெட்ரோ நிலையத்துக்கு மிக அருகில் வேண்டாம், அங்கே பேருந்து இரைச்சல் அதிகம், பத்து நிமிடம் உள்ளே தள்ளிப் பாருங்கள்.

எங்கள் மொட்டை மாடியில் நின்றால் கோர் த கார்த் மலை தெரியும். அதன் சரிவில் முருகன் கோயில். தைப்பூசத்தன்று, இங்கே அது அரசு விடுமுறை, வீட்டுக்கார அம்மா விடியற்காலையில் என்னை எழுப்பி, "வா, மோ கார்சோன்" என்று கூட்டிக்கொண்டு போனார், என் பையா என்று அர்த்தம். அவருக்குத் தமிழில் பேச வராது. ஆனால் காவடிக்குப் பின்னால் நடந்தபோது "வேல் வேல்" என்று என்னைவிடச் சத்தமாகச் சொன்னார். மதியம் வாழை இலையில் ஏழு கறி, அன்று எதிர் வீட்டு கிரியோல் பிள்ளைகளும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். ஈத் அன்று பக்கத்து வீட்டிலிருந்து பிரியாணி வரும், அண்டாவைத் திறந்த வாசனை சுவருக்கு இந்தப் பக்கமே வந்துவிடும்.

எங்கள் கீழ்ப் போர்ஷன் அடுத்த மாதம் காலியாகிறது. டாங்க் இருக்கிறது, பீரோ பின்னாலும் பார்த்துவிட்டேன், சுவர் காய்ந்துதான் இருக்கிறது. தைப்பூசத்துக்கு முந்தைய விரத நாட்களில் மட்டும் வீட்டில் அசைவம் சமைக்கக் கூடாது, அந்த அம்மா போடுகிற கட்டுப்பாடு அது ஒன்றுதான்.