குப்பை மெயிலுக்கு 150 ரூபாய் வைத்தியம்

காரைக்குடியில் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறேன். போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு 5 கிலோ சீப்புச்சீடை கேட்டு சிங்கப்பூரிலிருந்து வந்த மெயில், லாட்டரிப் பரிசுக்கும் லோன் ஆஃபருக்கும் நடுவே ஸ்பேம் என்ற குப்பை மெயில் பெட்டியில் கிடந்திருக்கிறது. நான் பார்க்கும்போது தாலியே கட்டியாகிவிட்டது.

அந்த வயிற்றெரிச்சலோடுதான் செக்காலை ரோட்டில் இருக்கும் அந்தச் சின்ன கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். உட்கார ஒரு ஸ்டூல்தான், அதிலும் பிரிண்டர் இருந்தது. ஆனால் தம்பிக்கு விஷயம் தெரியும். நான் பாட்டுக்கு எல்லா மெயிலிலும், இனி அனுப்பாதே என்று சொல்லும் 'அன்சப்ஸ்கிரைப்' அமுக்கிக்கொண்டிருந்தேன். பதறிவிட்டார். "ஆச்சி, நீங்க பொருள் வாங்குற கடைன்னா அமுக்குங்க. முகம் தெரியாதவன்னா வேண்டாம், இந்த முகவரியில ஆள் இருக்குன்னு நாமளே காட்டிக் கொடுத்த மாதிரி. 'ஸ்பேம்'னு மட்டும் குறிங்க." அப்படிக் குறிக்கக் குறிக்கத்தான் ஜிமெயில் பழகுமாம். நல்ல மெயில் மாட்டியிருந்தால் 'ஸ்பேம் இல்லை' என்று மீட்டு, அனுப்பியவரைத் தொடர்பில் சேர்க்கச் சொன்னார். ஸ்பேமில் கிடப்பது 30 நாளில் தானே அழிந்துவிடும் என்பதால் வாரம் ஒருமுறை எட்டிப்பார்க்க வேண்டுமாம்.

கூலி 150 ரூபாய். பேச்சு மட்டும் ரயில் வேகம், இரண்டு தடவை கேட்டால்தான் பிடிபடும். இப்போது வெள்ளிக்கிழமை எண்ணெய்ச் சட்டியை இறக்கியதும் ஸ்பேமைத் திறக்கிறேன். நேற்று கைமுறுக்குக்கு ஒரு ஆர்டர் அங்கேதான் இருந்தது.