குலசேகரம் பக்கத்து போதை மறுவாழ்வு மையம்: ஐந்துக்கு மூன்றரை

மையத்தின் பெயரைப் போடவில்லை, நம்ம ஊரில் பெயரைப் போட்டால் பையன் யாரென்று சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். எந்த மையத்துக்குப் போனாலும் எதைக் கவனிக்கணும் என்று தெரிந்தால் போதும்.

அக்கா மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ. கூல் லிப் என்கிற புகையிலைப் பொட்டலத்தில் ஆரம்பித்துக் கஞ்சாவுக்குப் போனவன். கொஞ்ச நாளில் தூக்கம் போச்சு, யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது காதில் கேட்கிறது என்றான். கஞ்சாவும் மனநோயும் ஒன்றையொன்று இழுத்துவிடும், அதுவும் இந்த வயதில், அதனால் இரண்டுக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்கிற இடமாகப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னார்.

முதலில் போன இடத்தில் வாசலிலேயே சொன்னார்கள், "மூணு மாசத்துக்கு ஆரும் பாக்க வரப்பிடாது, நாங்க திருத்தித் தந்திருவோம்." உள்ளே மொட்டையடித்த பையன்களும் நாற்பது வயதுக் குடிகாரர்களும் ஒரே ஹாலில். அப்படியே திரும்பி வந்துவிட்டோம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது, கட்டாய மொட்டை கூடாது, சங்கிலி போடுவதெல்லாம் அறவே கூடாது. அதைவிட முக்கியம், சேர்த்த நாளிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாள் வரை காப்பாளரோ அவர் ஏற்பாடு செய்த ஒருவரோ பிள்ளையோடு அங்கேயே தங்கணும். வரவே கூடாது என்று ஓர் இடம் சொன்னால் அங்கே என்ன நடக்கிறது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

குலசேகரம் பக்கத்து மையத்துக்கு நான் மார்க் போடுவது முதலில் இதற்குத்தான். அக்காவுக்கும் அவனோடு ஒரு சின்ன அறை கொடுத்தார்கள். மனநல டாக்டரும் இன்னொரு டாக்டரும் தனித்தனியாகப் பார்த்த பிறகுதான் சேர்த்தார்கள், சட்டமும் அதைத்தான் கேட்கிறது. 30 நாள் தாண்டியபோது மனநல வாரியத்துக்குத் தெரிவித்தார்களா என்று கேட்டேன், முகம் சுளிக்காமல் தாளை எடுத்துக் காட்டினார்கள்.

ஆரம்பத்தில் உபதேசம் எதுவும் கிடையாது. கஞ்சாவை நிறுத்தினால் எரிச்சல் வரும், தூக்கம் வராது, சோறு இறங்காது, அது அடங்கும்வரை மாத்திரை, குளியல், சாப்பாடு, அவ்வளவுதான். அப்புறம் கவுன்சலிங். கடற்கரைப் பையன்கள் சிலர் இருந்ததால் சாயங்காலம் ஃபுட்பால் உண்டு, எங்கள் பையன் டாக்டரிடம் பேசியதைவிட அந்தப் பையன்களிடம் பேசியதுதான் அதிகம். அத்தான் கல்ஃபில் இருப்பதால் குடும்பக் கவுன்சலிங்குக்கு வீடியோ காலில் வந்தார், வந்ததும் பையனைத் திட்ட ஆரம்பித்தார். கவுன்சலர், "அண்ணே, இன்னைக்கு அவன் பேசட்டும், நீங்க கேட்டா மட்டும் போதும்" என்று நிறுத்திவிட்டார். அக்கா வீட்டில் அந்த வேலையை இதுவரை யாரும் செய்ததில்லை. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் நன்றாக இருக்கும், சாயா மட்டும் வெறும் சுடுதண்ணீர்.

சரி, ஒன்றரை மார்க்கை ஏன் பிடித்து வைத்தேன்? மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் தனி பில் வரும் என்று சேர்க்கும்போது சொல்லவே இல்லை. மனநல டாக்டர் வாரத்தில் சில நாட்கள்தான் வருகிறார், ராத்திரியில் பையன் பதறினால் நர்ஸ்தான் போனில் கேட்டுச் சொல்கிறார். படிப்பைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை, பரீட்சை எழுதவேண்டிய பையனுக்குப் பாடம் சொல்லித்தர ஆள் கிடையாது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, வீட்டுக்கு அனுப்பிய பிறகு ஒரு போன்கூட இல்லை. திரும்பி வருகிற பையன் அதே தெரு, அதே கூட்டாளிகள், அதே பெட்டிக்கடை வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகணும். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. நாங்களாகவே ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் மனநலப் பிரிவில் தொடர்ந்து காட்டுகிறோம். ராத்திரி நேரத்துக்கு 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

பெண்பிள்ளைகளை இந்த மையத்தில் சேர்ப்பதில்லை. மகளுக்காகத் தேடுகிறவர்கள் அங்கே போய் அலைய வேண்டாம். வேறு எங்கே சேர்த்தாலும் கூடத் தங்குவது ஒரு பெண்ணாக இருக்கணும், அதுவும் சட்டத்தில் இருக்கிறது.