மைனிங் ரிக்குக்கு வாங்கிய 2 கேவிஏ யுபிஎஸ்

கோவை வீட்டில் கிரிப்டோ நாணய மைனிங்குக்காக ஆறு கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் (ரிக்) ஓடுகிறது, சுவரில் அளந்தால் 850 வாட் இழுக்கும். போன ஐப்பசி மழையில் இடி விழுந்து ஒரு பவர் சப்ளையும் இரண்டு ரைசரும் (கார்டை மதர்போர்டுடன் இணைக்கும் பாகம்) போய்விட்டன, அதற்குப் பிறகுதான் இந்த ஆன்லைன் வகை யுபிஎஸ்ஸை (எப்போதும் இன்வெர்ட்டர் வழியாகவே கரண்ட் தருவது) வாங்கினேன். 1 கேவிஏ போதும் என்றார் கடைக்காரர். அதன் பின்பக்க லேபிளைப் பார்த்தால் 600 வாட்தான், என் ரிக்குக்குப் போதாது. கேவிஏ வேறு, வாட் வேறு, தயவுசெய்து வாட்டைப் பாருங்கள்.

சுத்தமான சைன் அலை (மெயின் கரண்ட் போலவே சீராக ஏறி இறங்கும் அலை) தருவதாலும், பேட்டரிக்கு மாறும்போது இடைவெளி இல்லாததாலும் ரிக் ஒருமுறைகூடத் திடீரென்று அணையவில்லை. முன்பு இரவல் வாங்கிப் போட்ட மலிவு யுபிஎஸ்ஸில் கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் அந்த நொடியிலேயே விழுந்துவிடும். பேக்கப் எட்டு நிமிடம். அது மைனிங் ஓட்ட இல்லை, ஒழுங்காக ஷட்டவுன் செய்ய. கரண்ட் போனதும் தானாக அணைக்க ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன்.

விசிறிச் சத்தம் அதிகம், படுக்கையறையில் வைக்கவே முடியாது.

அப்புறம், இடிமின்னலுக்கு யுபிஎஸ்ஸை மட்டும் நம்பாதீர்கள். வீட்டின் மெயின் மின் போர்டில் டைப் 2 எஸ்பிடி (திடீர் மின்னழுத்த எழுச்சியைத் தடுக்கும் கருவி) போட்டேன், அதோடு எர்த்தையும் எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பார்த்தேன், ஏனென்றால் எஸ்பிடி திருப்பிவிடும் அதிக மின்சாரம் எர்த் வழியாகத்தான் இறங்க வேண்டும்.